ஜாக்பாட் அடித்த பாக்டீரியா!

1943-ம் ஆண்டின் தொடக்கம். அமெரிக்காவின் இண்டியானா மாகாணத்தில் ப்ளூமிங்டன் என்ற பல்கலைக்கழக நகரம். ஒரு சனிக்கிழமை இரவு, பேராசிரியர்களுக்கான நடன விருந்து நடந்துகொண்டிருந்தது.

விருந்து நடந்த கிளப்பில் ஒரு ஸ்லாட் மெஷின் இருந்தது. காசைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் உள்ளே சக்கரங்கள் சுழலும். படங்கள் ஒன்றுசேர்ந்தால் காசு கொட்டும். சேராவிட்டால் போட்டது போனதுதான். பேராசிரியர் ஒருவர் பத்து சென்ட் நாணயங்களாகப் போட்டுப் போட்டுத் தோற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார், அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த சால்வடோர் லூரியா. வயது 30. இத்தாலிக்காரர். சூதாட்டப் பழக்கம் இல்லாதவர். ‘இதில் போட்ட காசு திரும்ப வராது’ என்பதுதான் அவருடைய கிண்டலின் சாரம்.

திடீரென்று மெஷினிலிருந்து காசு கொட்டியது. ஜாக்பாட்! மொத்தம் மூன்று டாலர் அளவுக்குச் சில்லறை. ஜெயித்தவர் லூரியாவை ஒரு முறை முறைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

லூரியாவுக்கு முறைத்தது உறைக்கவில்லை. அவர் மண்டைக்குள் வேறொன்று ஓடத் தொடங்கியிருந்தது. பல மாதங்களாக விடை தெரியாமல் அவர் அல்லாடிய கேள்விக்கு அந்த மெஷின் விடை சொல்லிவிட்டது போலிருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் முதல் வேலையாக ஆய்வகத்துக்குப் போய்ச் சோதனைக் குழாய்களை எடுத்து வைத்தார்.

உயிர்கள் மாறுவது எப்படி என்ற பழைய கேள்வியை இயற்பியலின் கணக்கு தீர்த்து வைத்த கதை அங்கேதான் தொடங்குகிறது. இன்று காசநோய்க்கு ஏன் ஒரே நேரத்தில் நான்கு மருந்துகள் தருகிறார்கள் என்பது வரைக்கும் அந்தக் கணக்கு வந்து நிற்கிறது.

டிராம் நின்ற இடத்தில் தொடங்கிய ஆர்வம்

லூரியா இத்தாலியின் டுரின் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். படித்தது மருத்துவம். ஆனால், மனம் போனது இயற்பியல் பக்கம். ரோமுக்குப் போய், என்ரிகோ ஃபெர்மியின் வட்டத்தில் இருந்தவர்களிடம் இயற்பியல் கற்றுக்கொண்டார். அங்கே ஒருநாள் மின்சாரம் போய் டிராம் நடுவழியில் நின்றுவிட, உள்ளே இருந்த ஒரு நுண்ணுயிரியல் ஆய்வாளரிடம் பேச்சுக் கொடுத்தார். ‘ஃபேஜ்’ என்ற ஒன்றைப் பற்றி அவர் சொன்னார். பாக்டீரியாவுக்குள் புகுந்து, அதையே தொழிற்சாலையாக்கித் தன்னைப் பெருக்கிக்கொண்டு, கடைசியில் அதை வெடிக்கச் செய்துவிட்டு வெளியே வரும் வைரஸ். நமக்குச் சளி பிடிப்பது போல பாக்டீரியாவுக்குப் பிடிக்கும் நோய் என்று வைத்துக்கொள்ளலாம். என்ன, இதில் பிழைப்பது அபூர்வம்.

1938-ல் முசோலினி அரசின் இனச் சட்டங்கள் வந்தன. யூதர் என்பதால் லூரியாவின் ஆராய்ச்சி வாய்ப்பு பறிபோனது. பாரிஸுக்குப் போனார். 1940-ல் ஜெர்மன் படை பாரிஸுக்குள் நுழைந்தபோது சைக்கிளில் புறப்பட்டுத் தெற்கே தப்பி, மார்செய் துறைமுக நகரில் அமெரிக்க விசா வாங்கி, அந்த ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் போய் இறங்கினார்.

அந்த டிசம்பர் கடைசியில், ஃபிலடெல்ஃபியாவில் நடந்த இயற்பியலாளர் மாநாட்டில் அவர் சந்தித்த மனிதர் மேக்ஸ் டெல்ப்ரூக். பெர்லின்காரர். சரித்திரப் பேராசிரியரின் மகன். வானியலில் தொடங்கி அணு இயற்பியலுக்கு வந்தவர். கோபன்ஹேகனில் நீல்ஸ் போரிடமும், பெர்லினில் லீஸ மைட்னரிடமும் வேலை பார்த்தவர். 1935-லேயே ஒரு ரஷ்ய உயிரியலாளர், இன்னொரு இயற்பியலாளர் ஆகியோருடன் சேர்ந்து, மரபணு என்பது ஒரு மூலக்கூறு, அது சட்டென்று ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவுவதுதான் மரபணு மாற்றம் என்று எழுதியிருந்தார். 1937-ல் அமெரிக்கா வந்து, அங்கேயே தங்கிவிட்டார். நாஷ்வில் நகரில் இயற்பியல் பாடம் நடத்திச் சம்பாதித்துக்கொண்டு, ஆர்வத்துக்கு ஃபேஜ்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

போர் நடந்த காலம். ஒருவர் ஜெர்மானியர், இன்னொருவர் இத்தாலியர். அமெரிக்க அரசின் பதிவேட்டில் இருவருமே எதிரி நாட்டுக்காரர்கள். மற்ற இயற்பியலாளர்கள் எல்லாம் ரேடாருக்கும் அணுகுண்டுக்கும் போய்விட்ட நேரத்தில், இவர்கள் இருவரையும் யாரும் அந்தப் பக்கம் கூப்பிடவில்லை. பாக்டீரியாவோடு மல்லுக்கட்ட நேரம் கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

முதலில் வந்தது மாற்றமா, ஆபத்தா?

லூரியா அல்லாடிய கேள்வி இதுதான். ஒரு கண்ணாடிக் குழாயில் சத்துள்ள திரவத்தை ஊற்றி பாக்டீரியாவை வளர்த்தால், சில மணி நேரத்தில் அது அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கிவிடும். அதில் ஃபேஜை விட்டால் பாக்டீரியாக்கள் செத்து, திரவம் பளிங்கு போலத் தெளிந்துவிடும். கதை முடிந்தது என்று நினைத்துவிட்டு வீட்டுக்குப் போய் மறுநாள் வந்து பார்த்தால், மறுபடியும் கலங்கியிருக்கும்! எங்கோ ஒன்றிரண்டு தப்பிப் பிழைத்து, பெருகி, மொத்தக் குழாயையும் நிரப்பியிருக்கும். இந்தப் புது வம்சத்தை அந்த ஃபேஜால் ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் அந்த எதிர்ப்புத்தன்மை இருக்கும்.

அந்த ஒன்றிரண்டு எப்படித் தப்பின?

ஒரு பதில்: ஃபேஜ் தாக்கியபோது, கோடியில் ஒன்றிரண்டு பாக்டீரியா எப்படியோ சமாளித்து, தன்னை மாற்றிக்கொண்டது. அதாவது, ஆபத்துதான் மாற்றத்தை உண்டாக்கியது. அம்மை வந்து பிழைத்தவருக்கு மறுபடி அம்மை வராது என்பது போல.

இன்னொரு பதில்: ஃபேஜ் வருவதற்கு முன்பே, பாக்டீரியாக்கள் சும்மா பெருகிக்கொண்டிருந்தபோதே, ஏதோ ஒன்றில் தற்செயலாக ஒரு மாற்றம் நடந்துவிட்டது. ஃபேஜ் வந்து ஒட்டிக்கொள்ளும் கொக்கி அதன் உடம்பில் கோணலாகிவிட்டது. அது எதற்கென்று அதற்கே தெரியாது. பிறகு ஃபேஜ் வந்தது, மற்றவை செத்தன, கோணல் கொக்கிக்காரன் பிழைத்தான்.

பள்ளியில் படித்த பெயர்களைச் சொல்வதென்றால், முதல் பதில் லாமார்க் பக்கம், இரண்டாவது டார்வின் பக்கம். செடிகளிலும் ஈக்களிலும் டார்வின் கட்சி ஜெயித்துக்கொண்டிருந்தாலும், பாக்டீரியா விஷயத்தில் அன்றைய நுண்ணுயிரியலாளர்கள் பலர் முதல் பதிலைத்தான் நம்பினார்கள். பாக்டீரியாவுக்கு மரபணு என்று ஒன்று இருக்கிறதா என்பதே அப்போது சந்தேகத்தில் இருந்தது.

சோதித்துப் பார்த்துவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். எந்த பாக்டீரியாவுக்கு எதிர்ப்பு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் ஃபேஜை விட்டுத்தான் பார்க்க வேண்டும். விட்ட பிறகு பிழைத்ததைக் காட்டி, ‘இது முன்பே மாறியிருந்தது’ என்று ஒருவர் சொல்லலாம். ‘இல்லை, இப்போதுதான் மாறியது’ என்று இன்னொருவர் சொல்லலாம். பரீட்சையில் பாஸான பையன் ஏற்கெனவே படிப்பாளியா, பரீட்சை பயத்தில் படித்தானா என்று விடைத்தாளை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா?

பிழைத்தவற்றை எண்ணிப் பார்த்தாலும் உதவவில்லை. லூரியா எண்ணினார். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கை கன்னாபின்னாவென்று மாறியது. இன்று 5, நாளை 100, அடுத்த நாள் பூஜ்யம். எந்த ஆய்வாளருக்கும் இது எரிச்சலூட்டும் விஷயம். கைப்பிசகு, குழாய் சுத்தமில்லை, சூடு சரியில்லை என்று காரணம் தேடுவார்கள். பல எண்களைக் கூட்டிச் சராசரி எடுத்துத் திருப்திப்படுவார்கள்.

ஸ்லாட் மெஷின் முன்னால் லூரியாவுக்கு உறைத்தது இதுதான்: அந்தக் கன்னாபின்னாதான் விடை!

மொட்டை மாடியில் இருபது டம்ளர்

எப்படி என்று பார்ப்போம். மழை தூறும்போது மொட்டை மாடியில் ஒரே மாதிரியான இருபது டம்ளர்களை வைக்கிறீர்கள். ஐந்து நிமிடம் கழித்து ஒவ்வொன்றிலும் விழுந்த துளிகளை எண்ணினால், ஒன்றில் 9, ஒன்றில் 13, ஒன்றில் 11 என்று இருக்கும். கொஞ்சம் கூடும், குறையும். ஒரு டம்ளரில் 107 துளி, பக்கத்து டம்ளரில் ஒன்றுமே இல்லை என்று ஒருபோதும் வராது.

ஃபேஜ் தாக்கிய பிறகுதான் மாற்றம் நடக்கிறது என்றால், பாக்டீரியாக் குழாய்களும் இந்த டம்ளர்கள் போலத்தான் இருக்க வேண்டும். எல்லாக் குழாயிலும் ஏறக்குறைய ஒரே அளவு பாக்டீரியா. எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் ஆபத்து. ஒவ்வொரு பாக்டீரியாவுக்கும் பிழைக்க ஒரே அளவு சிறு வாய்ப்பு. பிழைத்தவர்களின் எண்ணிக்கை குழாய்க்குக் குழாய் கொஞ்சம்தான் வேறுபடும்.

மாற்றம் முன்பே நடந்திருந்தால் கதை வேறு. பாக்டீரியா ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். ஒரு குழாயில் கடைசித் தலைமுறையில் ஒரு பாக்டீரியா மாறியிருந்தால், பிழைப்பது ஒன்றோ இரண்டோதான். ஏழு தலைமுறைக்கு முன்பே ஒன்று மாறியிருந்தால்? அதன் வம்சம் முழுக்க எதிர்ப்போடு இருக்கும். ஏழு முறை இரட்டித்தால் 128 பேர். மாற்றமே நடக்காத குழாயில் பூஜ்யம். ஆக, பெரும்பாலான குழாய்களில் ஒன்றுமில்லை, சிலவற்றில் ஒன்றிரண்டு, எங்கோ ஒன்றில் நூற்றுக்கணக்கில் கொட்டும். அதுதான் ஜாக்பாட். ஸ்லாட் மெஷினும் அப்படித்தானே காசு கொடுக்கிறது?

சரி, சோதனைக்கு வருவோம். லூரியா தேர்ந்தெடுத்தது நம் குடலிலும் வாழும் ஈ.கோலி பாக்டீரியா. இருபது சிறு குழாய்களில் சில பாக்டீரியாக்களை மட்டும் விட்டுத் தனித்தனியாக வளர்த்தார். கூடவே ஒரு பெரிய குழாயிலும் வளர்த்தார். எல்லாம் கோடிக்கணக்கில் பெருகிய பிறகு, ஃபேஜ் தடவிய பெட்ரி தட்டுகளில் ஊற்றினார். பிழைத்த ஒவ்வொரு பாக்டீரியாவும் மறுநாள் ஒரு புள்ளியாக வளர்ந்து நிற்கும், எண்ண வேண்டியதுதான்.

பெரிய குழாயிலிருந்து எடுத்த பத்து மாதிரிகளில் வந்த எண்கள்: 14, 15, 13, 21, 15, 14, 26, 16, 20, 13. டம்ளரில் விழுந்த தூறல் போலச் சமர்த்தான எண்கள்.

தனித்தனியாக வளர்ந்த இருபது குழாய்களில் வந்தவை: 1, 0, 3, 0, 0, 5, 0, 5, 0, 6, 107, 0, 0, 0, 1, 0, 0, 64, 0, 35.

இருபதில் பதினொன்று பூஜ்யம். ஒன்றில் 107. இன்னொன்றில் 64. ஜாக்பாட்!

பெரிய குழாயின் எண்கள் இங்கே மிக முக்கியம். தட்டிலோ கையிலோ குறை இருந்திருந்தால் அதிலும் எண்கள் குதித்திருக்கும். குதிக்கவில்லை. எனவே, சிறு குழாய்களின் குதியாட்டம் சோதனையின் பிழை அல்ல. அந்தக் குழாய்களுக்குள், ஃபேஜைப் பார்ப்பதற்கு முன்பே நடந்து முடிந்த சரித்திரம்.

நாஷ்வில்லிலிருந்து வந்த தபால் அட்டை

லூரியா தன் யோசனையை டெல்ப்ரூக்குக்குக் கடிதமாக எழுதினார். அங்கிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. ‘நீ பிடித்தது முக்கியமான விஷயம், கணக்கை நான் போட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்கிற ரீதியில் இரண்டு வரி. சீக்கிரமே முழுக் கணக்கும் வந்து சேர்ந்தது.

கதிரியக்கத்தோடு புழங்கியவர்களுக்கு இந்தக் கணக்கு பழக்கமானது. ஒரு ரேடியம் அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு வயதாவதில்லை, அறிகுறி காட்டுவதில்லை. ஆனால், கோடிக்கணக்கான அணுக்கள் சேர்ந்திருக்கும்போது ஒரு நொடியில் எத்தனை சிதையும், அந்த எண்ணிக்கை எவ்வளவு கூடிக் குறையும் என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். தூறல் டம்ளர் போன்ற விஷயங்களில், எண்களின் சிதறல் அளவு ஏறக்குறைய சராசரிக்குச் சமமாக இருக்கும் என்பது அந்தக் கணக்கின் விதி. பெரிய குழாயில் சராசரி 16.7, சிதறல் அளவும் ஏறத்தாழ அதே. தனிக் குழாய்களில் சராசரி 11 சொச்சம், சிதறல் கிட்டத்தட்ட 700! அறுபது மடங்கு.

பூஜ்யங்களும் வீணாகவில்லை. இருபதில் பதினொன்று பூஜ்யம் என்றால், சராசரியாக ஒரு குழாய்க்கு 0.6 மாற்றம்தான் நடந்திருக்கிறது என்று கணக்கு சொல்கிறது. குழாயில் இருந்த மொத்த பாக்டீரியா எண்ணிக்கையோடு இதை ஒப்பிட்டால், எத்தனை முறை பிரிந்தால் ஒரு முறை இந்த மாற்றம் வரும் என்பது கிடைத்துவிடும். பல கோடிப் பிரிதல்களுக்கு ஒன்று. கண்ணால் பார்க்கவே முடியாத, கோடியில் ஒருமுறை நிகழும் சம்பவத்தின் வேகத்தை, ஒன்றுமே முளைக்காத தட்டுகளை எண்ணிக் கண்டுபிடித்துவிட்டார்கள்! கணக்கில் பூஜ்யம் எடுத்தவர்கள் ஆறுதல் பட்டுக்கொள்ளலாம்.

1943 நவம்பரில் ‘ஜெனெடிக்ஸ்’ என்ற ஆய்விதழில் இருவர் பெயரிலும் கட்டுரை வெளியானது. அதே 1943 பிப்ரவரியில், அட்லான்டிக் கடலுக்கு அந்தப் பக்கம், டப்ளின் நகரில் இன்னொரு இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கர், ‘உயிர் என்றால் என்ன?’ என்ற தலைப்பில் பொதுமக்களுக்குச் சொற்பொழிவாற்றினார். டெல்ப்ரூக்கின் 1935 ஆய்வுதான் அதில் நடுநாயகம். மறு ஆண்டு புத்தகமாக வந்து, பல இளம் விஞ்ஞானிகளை உயிரியல் பக்கம் இழுத்தது. புகழ் அந்தப் புத்தகத்துக்குத்தான் அதிகம். ஆனால், இயற்பியல் உயிரியலுக்குச் செய்த உருப்படியான முதல் உதவி எது என்று கேட்டால், அந்த இருபது குழாய்களைத்தான் சொல்ல வேண்டும்.

வெல்வெட் துணி

கணக்கு எல்லோரையும் உடனே மாற்றிவிடவில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் சிரில் ஹின்ஷெல்வுட், பின்னாளில் வேதியியல் நோபல் வாங்கியவர், பாக்டீரியா சூழலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்றே பல ஆண்டுகள் வாதாடினார். அவரும் சமன்பாடுகளோடுதான் வாதாடினார். உயிரியலுக்குள் சமன்பாட்டோடு வருகிறவர்கள் எல்லோருக்கும் சரியான விடை கிடைத்துவிடுவதில்லை.

கணக்கு பிடிக்காதவர்களுக்காகவே அமைந்தது போல 1952-ல் ஒரு சோதனை வந்தது. செய்தவர்கள் எஸ்தர் லெடர்பர்க், ஜோஷுவா லெடர்பர்க் தம்பதி. ஒரு தட்டு முழுக்க முளைத்திருக்கும் பாக்டீரியாப் புள்ளிகளின் மேல் வெல்வெட் துணியை அழுத்தி எடுத்தார்கள். ரப்பர் ஸ்டாம்ப் குத்துவது போல, அதே துணியைப் பல புதுத் தட்டுகளில் ஒற்றினார்கள். எல்லாத் தட்டிலும் அதே இடங்களில் அதே புள்ளிகள். இந்த நகல் தட்டுகளில் மட்டும் ஃபேஜ் தடவியிருந்தது. எதிர்ப்புள்ள புள்ளிகள் எல்லா நகல்களிலும் ஒரே இடத்தில் முளைத்தன. மூலத் தட்டில் அதே இடத்திலிருந்து எடுத்த பாக்டீரியாக்களில் எதிர்ப்புள்ளவை செறிந்திருந்தன. அவை ஃபேஜின் முகத்தையே பார்த்ததில்லை! விவாதம் ஏறக்குறைய அத்தோடு அடங்கியது. (1958-ல் ஜோஷுவாவுக்கு நோபல் பரிசு வந்தது. எஸ்தருக்கு வரவில்லை. அந்தக் காலத்தில் இது புதிதும் அல்ல.)

லூரியாவும் டெல்ப்ரூக்கும் 1969-ல், ஆல்ஃப்ரெட் ஹெர்ஷியோடு சேர்ந்து நோபல் பெற்றார்கள். டெல்ப்ரூக் மனதில் மட்டும் ஒரு குறை. 1932-ல் நீல்ஸ் போரின் சொற்பொழிவைக் கேட்டுத்தான் அவர் உயிரியலுக்கே வந்தார். ஒளியை ஆராயப்போய் இயற்பியலுக்குப் புது விதிகள் கிடைத்தது போல, உயிரை ஆராய்ந்தாலும் புது விதி ஏதாவது கிடைக்கும் என்ற கனவு. கிடைக்கவில்லை. லூரியாவின் முதல் மாணவரான ஜேம்ஸ் வாட்சனும், இயற்பியல் படித்த பிரான்சிஸ் கிரிக்கும் 1953-ல் டி.என்.ஏ-வின் இரட்டைச் சுருளை வெளியிட்டபோது, பழைய வேதியியலே போதும் என்றாகிவிட்டது. டெல்ப்ரூக் சோரவில்லை. வெளிச்சத்தை நோக்கி வளையும் ஒரு பூஞ்சையைப் பிடித்துக்கொண்டு, அதிலாவது புதிர் இருக்காதா என்று ஆண்டுக்கணக்கில் தேடினார்.

தயிர் தந்த திருத்தம்

பிற்காலத்தில் சில திருப்பங்களும் வந்தன. 1988-ல் ஜான் கெய்ர்ன்ஸ், பட்டினியில் கிடக்கும் பாக்டீரியா தனக்குத் தேவையான மாற்றத்தைத் தானே வரவழைக்கிறதோ என்று சந்தேகம் கிளப்பினார். பெரிய சண்டை நடந்தது. நெருக்கடியில் சில பாக்டீரியாக்களில் மாற்றங்களின் வேகம் கூடுகிறது, ஆனால் எந்த மாற்றம் வேண்டும் என்று அவை தேர்ந்தெடுப்பதில்லை என்ற இடத்தில் பெரும்பாலோர் வந்து நின்றார்கள். பதற்றத்தில் லாட்டரிச் சீட்டு நிறைய வாங்கலாம். எண்ணைத் தீர்மானிக்க முடியாது.

2007-ல் வந்தது இன்னும் சுவையானது. தயிர் தயாரிக்கப் பயன்படும் ஒரு பாக்டீரியா, தன்னைத் தாக்கிய ஃபேஜின் டி.என்.ஏ-வில் ஒரு துண்டை வெட்டித் தன் டி.என்.ஏ-வில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதே ஃபேஜ் மறுபடி வந்தால் அடையாளம் கண்டு ஒழிக்கிறது. அந்த நினைவு பிள்ளைகளுக்கும் போகிறது என்று காட்டினார்கள். இன்று மரபணுவைத் திருத்தும் கருவியாகப் பேசப்படும் கிரிஸ்பர் இதுதான். ஆக, ஆபத்தைப் பார்த்த பிறகு மாறும் வழியும் சில பாக்டீரியாக்களுக்கு உண்டு. லூரியாவின் குழாய்களில் நடந்தது அதுவல்ல. எண்கள் குதித்த விதமே அதற்குச் சாட்சி.

நூறு பேர் ஏற்கெனவே தயார்

இதெல்லாம் ஆய்வகச் சண்டை, நமக்கென்ன என்று தோன்றலாம். அதே 1943-ல்தான் அமெரிக்காவில் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. காசநோயை அடக்கும் முதல் ஆன்டிபயாடிக். பிரிட்டனில் நோயாளிகளுக்கு அதை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்து, 1948-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் மாதங்களில் அதிசயம். காய்ச்சல் குறைந்தது, எடை கூடியது. அப்புறம் பலருக்கு மருந்து வேலை செய்யாமல் போனது. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால், மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை.

காரணம், அந்த இருபது குழாய்களின் கணக்குதான். காசநோயால் நுரையீரலில் விழுந்த ஒரு குழியில் பத்துக் கோடி கிருமிகள் இருக்கலாம். ஐசோனியசிட் என்ற மருந்தை எதிர்க்கும் மாற்றம் சுமார் பத்து லட்சத்தில் ஒரு கிருமிக்கு இருக்கும். அப்படியானால், முதல் மாத்திரையை விழுங்கும் முன்பே, அதை எதிர்க்கும் நூறு கிருமிகள் உள்ளே தயாராக இருக்கின்றன. மருந்து அவற்றை உருவாக்கவில்லை. மற்றவற்றைக் கொன்று அவற்றுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது. மறுநாள் மறுபடி கலங்கிய குழாய் போலவே, சில மாதத்தில் நோய் திரும்பும். ஊரில் உள்ள எல்லா நோயாளிகளையும் கூட்டிப் பார்த்தால், எங்கோ ஒருவருக்குள் ஜாக்பாட் அடித்துத்தான் இருக்கும்.

ரிஃபாம்பிசின் என்ற இன்னொரு மருந்துக்கு எதிர்ப்பு, சுமார் பத்துக் கோடியில் ஒரு கிருமிக்கு. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்? இரண்டு மாற்றங்களும் ஒரே கிருமியில் தற்செயலாகச் சேர வேண்டும். பெருக்கிப் பாருங்கள்: கோடி கோடியில் ஒன்று. ஒரு உடம்பில் அவ்வளவு கிருமிகள் இருக்காது. அதனால்தான் இன்றைக்கும் நம் அரசு மருத்துவமனைகளில் காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகள். ‘இத்தனை மாத்திரையா?’ என்று மலைக்கும் நோயாளிக்குச் சொல்ல வேண்டிய பதில் இந்தப் பெருக்கல்தான். புற்றுநோயில் பல மருந்துகளைக் கலந்து கொடுப்பதற்கும் இதே கணக்கை 1979-ல் கனடாவைச் சேர்ந்த ஜேம்ஸ் கோல்டி, ஆண்ட்ரூ கோல்ட்மன் ஆகியோர் விரித்து எழுதினார்கள்.

சாதாரணச் சளிக்கு மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுக்கொள்வதிலும் இதே விளையாட்டு நடக்கிறது. சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. அந்த மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. ஆனால், குடலில் இருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்களில் சாதாரணமானவை சாக, ஏற்கெனவே கோணல் கொக்கியோடு ஒதுங்கிக் கிடந்தவைக்கு ராஜபாட்டை திறக்கிறது.

காசநோய்க்குக் கூட்டு மருந்து என்பதை நடைமுறையில் நிரூபித்ததில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் தொடங்கியது. வாலஸ் ஃபாக்ஸ் தலைமை. அதுவரை காசநோய் என்றால் சானடோரியம், ஓய்வு, முட்டை, பால், மலைக்காற்று. அவ்வளவு படுக்கைக்கு எங்கே போவது? 193 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறு பாதியை நெரிசலான அவரவர் வீட்டிலேயே விட்டார்கள். இரு தரப்புக்கும் ஐசோனியசிட், பாஸ் என்ற இரண்டு மருந்துகளும் சேர்த்து ஓராண்டு. 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமாகியிருந்தார்கள். உடன் இருந்த குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த முடிவும் ஒரு முக்கியக் காரணம்.

அந்த ஆய்வில் வீட்டு நோயாளிகளைச் சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தார்கள். மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். இரண்டாவது மூன்றாவது மாதத்தில் இருமல் நின்று, உடம்பு தேறி, வேலைக்கும் போகத் தொடங்கிய பிறகு மாத்திரை கசக்கும். கசப்பான ஒன்றை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றதை மட்டும் விழுங்கத் தோன்றும். அன்றைக்கு உள்ளே மிச்சமிருப்பவை எந்தக் கிருமிகள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.